தனபாக்கியம் ஏறாத பேருந்து

பதிப்புரிமை வழக்குரைஞரிடம் இரண்டு வகையினர் வருகிறார்கள்: தம்முடையதைப் பிறர் எடுத்துக்கொண்டார்கள் என்போர் ஒரு வகை, பிறருடையதைத் தாம் எடுக்கவே இல்லை என்போர் மற்றொரு வகை. இரு வகையினருக்கும் என் அலுவலகத்தில் ஒரே நாற்காலிதான். அது சற்று ஆடும்.

முன்பு ஒருவரின் படைப்பைத் திருட அச்சகம் வேண்டும், காகிதம் வேண்டும், துணிவும் வேண்டும். இப்போது கட்டைவிரல் போதும். எடுத்தவரும் பறிகொடுத்தவரும் அதே கட்டைவிரலால் கைபேசித் திரையைத் தள்ளிக்கொண்டே மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் என் அலுவலக மாடிப்படி ஏறுகிறார்கள். என்னைப் போலவே இத்துறையில் அகப்பட்டுக்கொண்டு அல்லல்படும் நண்பர்களுக்காக, அண்மையில் ஒரு வழக்கில் நேர்ந்தவற்றை எழுதி வைக்கிறேன். பேசியவர்களின் சொற்களை நான் திருத்தவில்லை. திருத்தினால் சாட்சியம் கெட்டுவிடும்.

எழுத்துப் பிரதி

ஏகாம்பரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தார். நாற்பது வயதைக் கடந்தவர். மரண கானா பாடுகிறவர். சாவு நேர்ந்த வீட்டில், உடலை எடுப்பதற்கு முன், இறந்தவரின் பெயர், தெரு, தொழில் ஆகியவற்றை வைத்துப் பாட்டுக் கட்டி, டோலக் அடித்துப் பாடுவது அவர் வேலை. கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் இருந்த அவர்கள் குடியிருப்பை அகற்றி அவரைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். உடன் வாழ்ந்தவர்கள் திசைக்கொருவராகப் போனார்கள். அவர்கள் வீட்டில் யாரேனும் இறந்தால், ஏகாம்பரத்தைத் தேடிப் பிடிக்க ஒரே வழி அவர் இணையத்தில் நடத்தும் காணொளிப் பக்கம்தான். அதில் அவருடைய கைபேசி எண் இருக்கிறது.

அந்தப் பக்கத்தின்மீது ஓர் இசை நிறுவனம் மூன்று பதிப்புரிமைப் புகார்கள் கொடுத்திருந்தது. தாங்கள் வெளியிட்ட காதற்பாடல் ஒன்றின் மெட்டை ஏகாம்பரம் மூன்று காணொளிகளில் களவாடிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. மூன்று புகார்கள் சேர்ந்தால் ஏழு நாளில் பக்கத்தையே அழித்துவிடுவது அந்தக் காணொளித் தளத்தின் விதி. அவர் வந்தபோது ஒரு நாள் கழிந்திருந்தது. “அது என் பாட்டு மேடம். பட்டினப்பாக்கத்துல மீன் வித்துக்கினு இருந்த தனபாக்கியம் ஆயா செத்தப்ப, நாலு வருசம் முன்னாடி, நான் கட்னது” என்றார். எந்தக் கட்சிக்காரரிடமும் முதலில் கேட்பதை அவரிடமும் கேட்டேன்: உங்கள் கையெழுத்தில், தேதியிட்ட எழுத்துப் பிரதி எங்கே? 

“இன்னா மேடம் கேக்குறீங்க? சாவு வூட்ல பொணத்த வச்சிக்கினு, எவன் நோட்டு எட்து எழுதிக்கினு இருப்பான்?”

குமாஸ்தாவின் கைபேசி

வழக்குக்குரிய இரு பாடல்களையும் கேட்காமல் ஒரு வரியும் எழுதுவதில்லை என்பது என் வழக்கம். நிறுவனத்தின் பாடலை எங்கே கேட்கலாம் என்று வினவினேன். ஏகாம்பரம் தேட வேண்டிய தேவை ஏற்படவில்லை. என்னிடம் இருபது ஆண்டுகளாகக் குமாஸ்தாவாக இருக்கும் தணிகாசலத்துக்கு அந்நேரம் ஓர் அழைப்பு வந்தது. அவர் கைபேசியில் ஒலித்ததே அந்தப் பாடல்தான்.

பட்டினப்பாக்கம் பஸ்ஸு நிக்கும்,
படியில கூடை ஏறி நிக்கும்,
தனபாக்கியம் குரலு கேட்டா
தெருவே எழுந்து வாசல் நிக்கும்.

பிறகு ஏகாம்பரம் ஆடும் நாற்காலியில் அமர்ந்தபடியே, மேசையின் விளிம்பில் விரலால் தாளம் போட்டுத் தம் பாட்டைப் பாடினார். இந்த நான்கு வரிகளும் எழுத்துக்கு எழுத்து அவைதாம். அவர் பாட்டில் மேலும் பல அடிகள் உண்டு. இறுதி அடியில் பாடுகிறவர் தம் பெயரைச் சேர்த்து முடிப்பது இவர்கள் மரபு. நிறுவனம் அந்த இறுதி அடியைக் கத்தரித்துவிட்டு, ஒப்பாரியை ஓர் இளைஞன் ஒரு பெண்ணைத் துரத்திப் பாடும் பாட்டாக்கியிருந்தது. இறந்தவரின் பெயரை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். இருபது வயதுக் கதாநாயகிக்குத் தனபாக்கியம் என்று பெயரிடும் குடும்பத்தை அவர்கள் எங்கே கண்டார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. தணிகாசலம் தம் கைபேசியைச் சட்டைப்பைக்குள் தள்ளினார்.

“சாவுப் பாட்டுன்னு யாரு மேடம் கண்டா? என் பொண்ணு நிச்சயதார்த்தத்துல இதப் போட்டு சம்பந்தி வீட்டோட சேந்து ஆடிட்டோமே.”

முந்தியவர் பிந்தினார்

ஒரு படைப்பு உருவான கணத்திலேயே அதன் உரிமை படைத்தவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்தாக வேண்டும் என்பதில்லை. எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தாலொழிய அது பிறருக்குப் போவதும் இல்லை. சட்டம் இவ்வளவு தெளிவாக இருப்பதால்தான் வழக்குகள் சான்றில் வந்து சிக்கிக்கொள்கின்றன. நிறுவனம் தன் பாடலை வெளியிட்டது சென்ற ஆண்டு. ஏகாம்பரம் தம் பக்கத்தில் அதே மெட்டுப் பாடல்களை ஏற்றியதோ இவ்வாண்டு. வெவ்வேறு மூன்று வீடுகளில், அந்தந்த வீட்டில் இறந்தவரின் பெயரை வைத்துப் பாடியவை அவை. ஆவணங்களை மட்டும் பார்க்கும் எவருக்கும் அவரே பின்னால் வந்தவர், ஆகவே அவரே திருடர்.

“நான்கு ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு, அவர்கள் வெளியிட்ட பிறகு ஏன் ஏற்றினீர்கள்?” என்று கேட்டேன். தம் பாட்டு பெரிய இடத்தில் எடுத்தாளப்பட்டதில் அவருக்குப் பெருமையாம். அதே மெட்டில் தாமும் பாடினால் மக்கள் தேடி வருவார்கள் என்று நினைத்தாராம். பெருமைப்படுவதற்கு முன் வழக்குரைஞரைப் பாருங்கள் என்று நான் எத்தனை பேருக்குத்தான் சொல்வது!

தளத்துக்கு ஒரு மறுப்பு அனுப்பினால் பக்கத்தை அழிப்பது நிறுத்தி வைக்கப்படும். அதன் பிறகு நிறுவனம் பத்து வேலை நாட்களுக்குள் நீதிமன்றம் போக வேண்டும். ஆனால் கையில் சான்று இல்லாமல் மறுப்பு அனுப்பி, எதிர்த்தரப்பை நீதிமன்றத்துக்கு அழைப்பது மூடத்தனம். சான்று கிடைக்கும்வரை படிவத்தையாவது நிரப்பி வைப்போம் என்று அவருடைய அடையாள அட்டையை வாங்கி, அதிலிருந்த கோட்டூர்புரம் முகவரியை எழுதத் தொடங்கினேன். அவர் கையமர்த்தினார்.

“அத்த எழுதாதீங்க மேடம். அந்த அட்ரஸ்ல இப்ப பார்க்கு கீது. காலைல பெரியவங்கல்லாம் வாக்கிங் போய்க்கினு இருக்காங்க.”

காத்திருந்த ஆசிரியர்

இந்த உரையாடலை வெளியறையில் இருந்து ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். தியாகராய நகரில் தனிப்பயிற்சி வகுப்பு நடத்தும் கணித ஆசிரியர். அவர் தயாரித்த வினா விடைத் தொகுப்பை மாணவர்கள் படமெடுத்துக் கைபேசிக் குழுக்களில் பரப்பிவிட்டார்கள். எல்லார்மீதும் நடவடிக்கை வேண்டும் என்று வந்திருந்தார். ஏகாம்பரம் வெளியே வந்ததும் ஆசிரியர் அவருக்குப் பதிப்புரிமையின் புனிதம் குறித்து ஒரு சிற்றுரை ஆற்றினார். பின்னர் உள்ளே வந்து தம் தொகுப்பை மேசைமீது வைத்தார்.

புரட்டிப் பார்த்தேன். படங்கள் அனைத்தும் பள்ளிப் பாடநூலில் இருந்து எடுத்தவை. பாதிக் கணக்குகள் வேறொரு பதிப்பகத்தின் கையேட்டில் உள்ளவை. அக்கையேட்டின் பக்க எண்ணைக்கூட ஓரிடத்தில் அழிக்க மறந்திருந்தார். அதைச் சுட்டிக்காட்டினேன். அவர் சிறிதும் கலங்கவில்லை.

“அது மாணவர் நலனுக்காகச் செஞ்சது மேடம். இவங்க செய்யறது திருட்டு.”

பட்டினப்பாக்கம்

தனபாக்கியத்தின் இறுதிச் சடங்கன்று ஏகாம்பரம் பாடியதை இறந்தவரின் மகள் வசந்தா கைபேசியில் படமெடுத்திருந்தார். குடும்பத்தாருக்கு அனுப்பினார். அது குழுவுக்குக் குழு தாவி ஊரெல்லாம் சுற்றியது. நிறுவனத்தின் பாடலாசிரியருக்கும் அப்படித்தான் எட்டியிருக்க வேண்டும். ஏகாம்பரத்திடமும் ஒரு பிரதி இருந்தது. ஆனால் கைமாறிக் கைமாறி வந்த பிரதியில் அது வந்து சேர்ந்த நாள் இருக்குமே தவிர, எடுத்த நாள் இராது. எடுத்த கைபேசியும், எடுத்தவரின் கையொப்பமிட்ட சான்றிதழும் இருந்தால்தான் நீதிமன்றத்தில் நிற்கும். வசந்தா தர மறுத்துவிட்டார் என்று ஏகாம்பரம் மூன்றாம் நாள் வந்து சொன்னார். நானே புறப்பட்டுப் போனேன்.

வசந்தா பட்டினப்பாக்கத்தில் சாலையோரம் மீன் கடை போட்டிருக்கிறார். நான் வந்த காரணத்தைச் சொல்லும்வரை வஞ்சிரம் வெட்டுவதை நிறுத்தவில்லை. சொன்ன பிறகு கத்தியைக் கீழே வைத்தார். “அந்த வீடியோல எங்கம்மா பொணமா கெடக்குது வக்கீலம்மா. நான் கதறி அழற சத்தம் கேக்குது. அதக் கோர்ட்டுல அத்தினி பேரும் பாக்கணுமா? உங்க அம்மாவா இருந்தா காட்டுவீங்களா?” என்றார். காட்ட மாட்டேன் என்று உண்மையைச் சொன்னேன். மூடிய உறையில் நீதிபதியிடம் மட்டும் கொடுக்கும்படி மனுச் செய்யலாம், எதிர்த்தரப்பு வழக்குரைஞர் பார்ப்பதைத் தடுக்க முடியாது, வெளியில் பரவாமல் ஆணை பெறலாம் என்றும் விளக்கினேன். முழு உத்தரவாதம் தர என்னால் இயலாது என்பதையும் சொன்னேன். பொய்யான ஆறுதலால் பெறும் கையொப்பம் குறுக்கு விசாரணையில் உதிர்ந்துவிடும்.

அவர் யோசித்தார். பக்கத்துக் கடைப் பெண்கள் இருவர் தம் வியாபாரத்தை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தனர். ஏகாம்பரத்தின் பக்கம் அழிந்தால் அவருக்குப் பிழைப்புப் போகும் என்று சொன்னேன். அது தமக்கும் தெரியும் என்றார். பின்னர்த் தம் நிபந்தனையை, கத்தி முனையால் பலகையைத் தட்டித் தட்டிச் சொன்னார்.

“எங்கம்மா முப்பது வருசம் தெருத் தெருவா மீன் வித்து எங்கள வளத்தாங்க. எவனோ ஒரு பொறுக்கி அவங்க பேரச் சொல்லி இடுப்ப ஆட்டிக்கினு பாடறான். அந்தப் பேரு அந்தப் பாட்டுல இருக்கக் கூடாது. அத எழுதிக் குடுங்க, போனைத் தரேன்.”

சான்றிதழ்

எழுதிக் கொடுத்தேன், முயல்வேன் என்று மட்டும், முடிப்பேன் என்று அல்ல. ஐந்தாம் நாள் வசந்தா ஒரு பிஸ்கட் டப்பாவில் குடும்ப அட்டையோடு அந்தக் கைபேசியையும் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். திரை விரிசல் கண்டிருந்தது. மின்னூட்டும் கம்பியை ஒரு கோணத்தில் பிடித்தால்தான் உயிர் வரும். தணிகாசலம் முக்கால் மணி நேரம் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் நான் அவ்வளவு ஒழுங்கை அதற்கு முன் கண்டதில்லை. கைபேசியின் சொந்தக்காரர் கண்முன்னேதான் நகல் எடுக்க வேண்டும் என்பதால் வசந்தாவும் ஏகாம்பரமும் அருகிலேயே அமர்ந்திருந்தனர். படம் பிடித்த நாள் தெளிவாக இருந்தது: நிறுவனத்தின் வெளியீட்டுக்கு மூன்று ஆண்டுகள் முந்தியது.

காணொளியை ஒரு முறை ஓட விட்டோம். நான் தேவையான அளவே பார்த்தேன். வசந்தா முழுவதும் பார்த்தார்; அழவில்லை. பாட்டின் இரண்டாம் வரியில் முகம் சுளித்தார். “ஏண்ணே, எங்கம்மா எப்பண்ணே பஸ்ல ஏறுனாங்க?” என்று ஏகாம்பரத்தைக் கேட்டார். “மெட்டுக்கு ஒரு பஸ்ஸு தேவப்பட்டுது வசந்தா, போட்டுட்டேன்” என்றார் அவர். நம் பாடலாசிரியரே உண்மைக்கு மாறாகப் பாடியிருக்கிறார் என்பது வழக்குக்கு உதவாத செய்தி என்று கருதி, குறிப்பேட்டின் ஓரத்தில் ‘முக்கியமன்று’ என்று எழுதினேன். இத்தனை ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும் இப்படிப் பிழைபட எழுதியதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறேன். வசந்தா சான்றிதழை இரு முறை படித்துக் கையொப்பமிட்டுவிட்டு, பேனாவை மூடும்போதும் அதே குறையைத்தான் சொன்னார்.

“மீன் கூடையப் பாத்தா எந்தக் கண்டக்டர் ஏத்துவான்? சாவற வரைக்கும் நடந்தேதான் மயிலாப்பூர் போனாங்க. கால் தேஞ்சதப் பாடாம பஸ்ஸப் பாடி வெச்சிருக்காரு.”

நேரில் கண்டவர்

ஆறாம் நாள் தளத்துக்கு மறுப்பு போயிற்று. நிறுவனத்துக்கு என் அறிவிப்பும் போயிற்று. பக்கம் அழிவது நின்றது, தற்காலிகமாக. காணொளி எங்களிடம் இருப்பதை அறிவிப்பில் நான் குறிப்பிடவில்லை. எதிர்த்தரப்பு எந்தக் கதையைச் சொல்லப் போகிறது என்று தெரியும் முன் நம் கையைத் திறந்து காட்டலாகாது.

நிறுவனத்தின் மறுமொழி ஒரு வாரத்தில் வந்தது. அதனுடன் பாடலாசிரியரின் உறுதிமொழி ஒன்று இணைக்கப்பட்டிருந்தது. பட்டினப்பாக்கம் பேருந்து நிறுத்தத்தில், தனபாக்கியம் என்ற மீன்காரப் பெண் நாள்தோறும் கூடையுடன் பேருந்தில் ஏறுவதைத் தாம் பலமுறை நேரில் கண்டதாகவும், அவர் குரலில் மனத்தைப் பறிகொடுத்தே அவ்வரிகளைப் புனைந்ததாகவும் அதில் அவர் கூறியிருந்தார். ஏகாம்பரம் தாளத்துக்காகக் கற்பனையாகப் போட்ட பேருந்து, இப்போது நிறுவனத்துப் பாடலாசிரியரின் கண்ணெதிரே வந்து நின்று போயிருக்கிறது. குறிப்பேட்டை எடுத்து ‘முக்கியமன்று’ என்பதை அடித்தேன். பிறகு அந்த உறுதிமொழியை வசந்தாவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். 

“பாட்டத்தான் ஏகாண்ணன்கிட்டேந்து எடுத்தான். பொய்யாவது சொந்தமா ஒண்ணு சொல்லக் கூடாதா அந்தாளு?”

பெயர் வேண்டும்

நிறுவனத்தார் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார்கள். தியாகராய நகரில், குளிரூட்டிய ஓர் அறை. அவர்கள் தரப்பில் ஒரு வழக்குரைஞர், நயமாகப் பேசுகிறவர். என் தரப்பில் நானும் ஏகாம்பரமும். சான்றிதழையும், பேருந்து பற்றிய வசந்தாவின் பிரமாண வாக்குமூலத்தையும் மேசைமீது வைத்தேன். அவர் நிதானமாகப் படித்தார். பிறகு, உண்மையில் இது வழிவழியாக வரும் நாட்டுப்புறப் பாடல், இதில் எவருக்கும் உரிமையில்லை என்று கட்சி மாறினார். “எவருக்கும் உரிமையில்லாத பாடலுக்கு நீங்கள் எவ்வுரிமையில் மூன்று புகார்கள் கொடுத்தீர்கள்?” என்று கேட்டேன். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அதன் பின் பேச்சு விரைந்து நடந்தது. மூன்று புகார்களும் அன்றே திரும்பப் பெறப்படும். ஏகாம்பரத்தின் பக்கத்துக்கு இனி இடையூறு இராது. ஏகாம்பரம் அவ்விடத்திலேயே தம் கைபேசியைத் திறந்து, பக்கம் இருக்கிறதா, எண் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டார். நிறுவனத்தின் பாடலில் மெட்டு, வரிகள் இரண்டும் அவருடையவை என்று பெயர் போடப்படும். அடுத்து வசந்தாவின் நிபந்தனையை வைத்தேன்: இறந்தவரின் பெயர் அந்தக் காதற்பாடலில் இருக்கலாகாது, ஒப்பாரியைக் காதற்பாடலாகத் திரித்ததே படைப்பாளியின் தார்மீக உரிமைக்கு எதிரானது. திரித்தது பற்றி அவர்கள் வாதாடத் தயாராக இருந்தார்கள். பெயரை மட்டும் மாற்றி, அந்த ஓரிடத்தை மீண்டும் ஒலிப்பதிவு செய்துவிடலாம் என்று இணங்கினார்கள்.

அவ்வழக்குரைஞர் ஒப்பந்த வரைவில் பெயருக்குரிய இடத்தை வெற்றாக விட்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, “நீங்களே பாடலாசிரியர், தாளத்துக்குப் பொருந்துகிற மாதிரி அழகான பெயர் ஒன்று சொல்லுங்கள், எழுதிவிடுகிறேன்” என்றார். ஏகாம்பரம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கேலி செய்யவில்லை. ஒரு வீட்டார் அழைத்தால் அவர் எப்படிக் கேட்பாரோ, அதே மரியாதையோடு, அதே தாழ்ந்த குரலில் கேட்டார்.

“இந்த மெட்டுல நான் சும்மா பேரு வெக்கறது இல்ல சார். வூட்டுக்காரங்க சொல்ற பேரத்தான் வெப்பேன். உங்க வூட்ல யாருனா தவறிட்டாங்களா?”

அவ்வழக்குரைஞர் பெயரெதுவும் எழுதாமல் பேனாவை மூடினார்; வைக்கப் பெயர் கிடைக்காத அந்தக் காதற்பாடல் அவ்வார இறுதிக்குள் எல்லாத் தளங்களிலிருந்தும் இறங்கிவிட்டது; படைப்பாளியின் தார்மீக உரிமை பற்றி நான் அறிவிப்பில் பதினொரு பக்கம் எழுதியும் நடவாதது ஒரு துக்க விசாரிப்பில் நடந்துவிட்டபடியால், இதை நீதிமன்றத்தில் முன்தீர்ப்பாக மேற்கோள் காட்ட வழியில்லை என்பதைத் தொழில் நண்பர்களுக்கு வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.